ஷெட்டில் நிற்கும் ஹெரால்டுக்கு என்ன விலை?

(பழைய வாகனங்களில் ஈடுபாடு உள்ளவர்களும் பட்டறைக்காரர்களும் பொறியியல் மாணவர்களும் கூடிய திருச்சிக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய காருக்கு விலை மதிப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் மெக்கானிக் அண்ணன்மார் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இன்ஜினைப் பற்றி உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் விலை என்பது இன்ஜினோடு முடிகிற விஷயம் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் மேடையேறினேன்.

பொதுவாகப் பேசினால் கையில் எதுவும் தங்காது. ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதியிலோ சித்திரை வீதியிலோ நீளவாக்கில் ஒரு பழைய வீடு. பின்பக்கம் சந்தில் திறக்கும் தகர ஷெட். அதற்குள் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நான்கு டயரும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டி நிற்கிறது. கூரைமேல் கொலுப் படிகள், பழைய பாய், கால் உடைந்த நாற்காலி. "நல்ல கண்டிஷன்ல நிறுத்தினது சார்" என்கிறார் வீட்டுக்காரர். எல்லா வீட்டுக்காரரும் இதைச் சொல்வார்கள், பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். நல்ல கண்டிஷனில் நிறுத்தியதுதான், நின்றே கெட்டுப்போனது.

வெளிநாட்டு வண்டி எதையும் எடுக்காமல் ஹெரால்டை எடுப்பதற்குக் காரணம், இது நம் ஊர் வண்டி. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1961இல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆலையில் 'ஸ்டாண்டர்டு' என்ற பெயரோடு வெளிவரத் தொடங்கியது. வங்காளத்துக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், நமக்கு ஹெரால்டு. பிறகு இதையே முகம் மாற்றி கெஸல் என்றார்கள். 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய வண்டி விட்டார்கள். ரோவரின் உடம்புக்குள் பழைய வேன்கார்டு காலத்து இன்ஜினின் வாரிசை வைத்த வண்டி அது. அந்த விலைக்கு அந்த இன்ஜினை வாங்க ஊரில் ஆள் இல்லை. 1988இல் ஆலை நின்றது.

ஆலை மூடிய வண்டி என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலையின் பாதிக் கதை அதில் இருக்கிறது.

இந்த ஷெட்டில் மூன்று பேர் மூன்று விலை சொல்வார்கள். முதலில் காயலான் கடைக்காரர். ஹெரால்டின் எடை சுமார் 800 கிலோ. அன்றைய இரும்பு விலையால் பெருக்கி, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் கழித்துக்கொண்டு ஒரு தொகை சொல்வார். அவர் ஒருவர்தான் பொய் சொல்லாதவர். இரண்டாவது ஆள் புரோக்கர். சென்னையில் பளபளவென்று முடித்த ஹெரால்டு ஒன்று இத்தனை லட்சத்துக்குப் போனதாகச் சொல்லி, வீட்டுக்காரரின் ஆசையைத் தூண்டிவிட்டுப் போவார். மூன்றாவது வீட்டு மாமி. "அவர் ஆசையா வச்சிருந்த வண்டி, அடிமாட்டு விலைக்குக் கேக்காதீங்கோ" என்பார். அது விலை இல்லை, ஆனால் பேரத்தில் அதற்கு எடை உண்டு. அதைக் கேலி செய்கிறவன் அந்த ஷெட்டிலிருந்து வண்டியை வெளியே எடுக்கவே மாட்டான்.

வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? பானெட்டைத் திறக்கிறார். ஹெரால்டில் முன்பகுதி முழுவதும், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். பார்க்க ஜோராக இருக்கும். இன்ஜினைத் திருப்பிப் பார்க்கிறார், திரும்பவில்லை. "இன்ஜின் ஜாம் சார்" என்று முகத்தைச் சுளித்து விலையைப் பாதியாக்குகிறார். அதே நேரத்தில் பின்கதவு ஒன்று இல்லாததை, "அது கிடைக்கும், பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்.

இது தலைகீழ்க் கணக்கு என்பதுதான் என் கட்சி. இந்த வண்டியின் விலையை, திருச்சியில் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பிரித்துக்கொண்டுதான் போட வேண்டும். செய்ய முடிந்தது எவ்வளவு கெட்டிருந்தாலும் அது ஒரு செலவுக் கணக்கு மட்டும்தான். செய்ய முடியாதது வண்டியில் இருக்கிறதா இல்லையா என்பதுதான் விலை.

திருச்சியால் என்ன முடியாது என்று கேட்பீர்கள். ஊர்ப் பெருமை நியாயமானது. பொன்மலை ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது 1928இல். நீலகிரி மலை ரயிலுக்கு 1914 முதல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த எக்ஸ் வகை நீராவி இன்ஜின்கள் உண்டல்லவா, அதே வகையில் நிலக்கரியில் ஓடும் இன்ஜினை 2021இல் பொன்மலையில் புதிதாகவே செய்து நிறுத்தினார்கள். திருவெறும்பூரில் பெல் (பி.எச்.இ.எல்.) ஆலை வந்த பிறகு கொதிகலன் வேலை படித்த வெல்டர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே இருக்கிறார்கள். வெல்டிங் ஆராய்ச்சிக்கென்றே 1975இல் இங்கு ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அரியமங்கலத்திலும் துவாக்குடியிலும் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சம் இல்லை. உயர் அழுத்தக் கொதிகலனில் ஒட்டு போடுகிறவர் கைக்கு, துருப்பிடித்த சேஸின் ஓரக் கைகள் ஒரு வேலையா?

ஆகவே இன்ஜின் ஜாம் என்றால் பயப்படாதீர்கள். 948 சி.சி., நான்கு சிலிண்டர், வார்ப்பிரும்பு. இங்கிலாந்தில் பிற்பாடு பெரிய இன்ஜின் வைத்தார்கள். இங்கே கடைசிவரை இதுதான். பிளக்கைக் கழற்றி டீசல் ஊற்றிப் பொறுமையாக ஊறவைத்தால் பாதி இன்ஜின்கள் இளகிவிடும். இளகாவிட்டால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம், முடியாவிட்டால் ஸ்லீவ் இறக்கலாம். கிராங்கை மட்டும் ஒரு முறை சோதியுங்கள். பெல்ட் ஓடும் புல்லியை நெம்புகோலால் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். முடியளவு ஆடலாம். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால், கிராங்கைத் தாங்கும் அரைவட்ட வாஷர் தேய்ந்துவிட்டது அல்லது கழன்று விழுந்துவிட்டது என்று அர்த்தம். இந்தக் குடும்ப இன்ஜின்களுக்கு உள்ள பரம்பரை வியாதி அது. முற்றிவிட்டால் பிளாக்கையே தின்றுவிடும். அப்போதுதான் இன்ஜின், செலவுக் கணக்கிலிருந்து விலைக் கணக்குக்கு மாறுகிறது.

இன்னொரு இடம், முன் சக்கரம். அதைத் தாங்கும் செங்குத்து இணைப்பின் அடியில் டிரன்னியன் என்று ஒரு பித்தளைத் துண்டு மரையில் உட்கார்ந்திருக்கும். அதற்குக் கியர் ஆயில் விட வேண்டும் என்பது தயாரித்தவர்களின் சொல். நம் பட்டறைகளில் நிப்பிளைக் கண்டால் கிரீஸ் கன்னை வைப்பது வழக்கம். எண்ணெய் காணாமல் தண்ணீர் புகுந்த இணைப்பு ஒரு நாள் ஒடியும், சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். பார்க்காமல் ஓட்டக் கூடாது. ஆனால் விலையில் பெரிதாகக் கழிக்க வேண்டியதும் இல்லை. டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் முதலிய வண்டிகளும் இதே அடிப்படையில் வந்தவை என்பதால் இங்கிலாந்தில் இன்றும் இந்தப் பாகங்களைப் புதிதாகச் செய்து விற்கிறார்கள்.

ஆலை மூடிய வண்டியின் விசித்திரம் இதில்தான். பெருங்களத்தூர் நின்றுபோனாலும் ஹெரால்டின் உள்ளுறுப்புகளுக்கு ஆயுள் முடியவில்லை. வண்டலூரில் மிஞ்சிக் கிடந்த ரோவர் வகை உதிரிகளைக்கூட ஆங்கிலேய வியாபாரி ஒருவர் மொத்தமாக வாங்கிப் போனார். இங்கே இரும்பாகக் கிடந்தது அங்கே சரக்கு. அப்படியானால் எதுதான் கிடைக்காது? இந்தியாவுக்கென்று செய்தது கிடைக்காது.

ஹெரால்டு இங்கிலாந்தில் இரண்டு கதவு வண்டி. அறுபதுகளின் பிற்பாதியில் வந்த மார்க் 3இல்தான் நான்கு கதவு. அது நம் நாட்டில் மட்டும் வந்தது. குடும்பத்தோடு சமயபுரம் போகிறவர்களுக்கு முன்சீட்டை மடக்கிப் பின்னால் நுழைவது சரிப்பட்டு வரவில்லை போலும். அந்தப் பின்கதவை உலகில் இன்று யாரும் செய்வதில்லை. இன்னொரு வண்டியிலிருந்து எடுக்க வேண்டும், அந்த வண்டியும் இதைப் போல ஏதோ ஒரு ஷெட்டில் மக்கிக்கொண்டிருக்கும். 'ஸ்டாண்டர்டு' என்ற பெயர்ப் பட்டை, இந்திய மாதிரியின் கிரில், டாஷ்போர்டின் மீட்டர்கள், கதவுக் கைப்பிடிகள், வளைந்த கண்ணாடிகள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். டிங்கரிங் மேஸ்திரி தட்டி ஒரு கதவைச் செய்துவிடுவார், மறுக்கவில்லை. ஆனால் விளிம்பு உட்காருவதும் கண்ணாடி இறங்குவதும் வேறு கதை. பட்டி பூசி மறைக்கிற கதவு இரண்டு கோடை தாங்காது.

ஆகவே ஷெட்டுக்குள் போனதும் முதலில் இன்ஜினைப் பார்க்காதீர்கள். இல்லாததை எண்ணுங்கள். டிக்கியிலும் சீட்டுக்கு அடியிலும் பாருங்கள், பரணைப் பற்றிக் கேளுங்கள். கழற்றி வைத்த பாகங்கள் மூட்டை மூட்டையாகப் பரணில் இருக்கும். வண்டியை விற்கும்போது அந்த மூட்டை நினைவுக்கு வராது. ஹெரால்டு தனிச் சேஸ் உள்ள வண்டி, உடம்பின் பெரிய தகடுகள் போல்ட்டில் நிற்பவை. பிரித்து மாற்றுவது எளிது என்பது சீரமைக்கிறவனுக்கு நன்மை, வாங்குகிறவனுக்கு எச்சரிக்கை. ஒரு வண்டியின் சேஸும் இன்னொன்றின் உடம்பும் சேர்ந்து நிற்கலாம். தகட்டில் உள்ள எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிறகு தண்ணீர். ஸ்ரீரங்கம் தீவில் இருக்கும் வண்டியைப் பார்க்கப் போகிறவர் 1977ஐயும் 2005ஐயும் கேட்காமல் திரும்பக் கூடாது. இரண்டு ஆண்டுகளிலும் நவம்பரில் திருச்சிப் பக்கம் வெள்ளம் புகுந்தது. ஷெட்டின் சுவரில் பழைய நீர்க்கோடு இருக்கிறதா, சேஸின் பெட்டிக் குழல்களில் உள்ள துளைக்குள் கம்பியை விட்டால் வண்டல் வருகிறதா என்று பாருங்கள். மேலே துருவே இல்லாத வண்டி, குழலுக்குள் காவிரி மண்ணைச் சுமந்துகொண்டு உள்ளிருந்து அரித்துப்போயிருக்கும். பெல் வெல்டர் அதையும் செய்துவிடுவார் என்பது சரிதான். ஆனால் உடம்பை முழுக்கத் தூக்கினால்தான் முடியும், அப்போது செலவு இரட்டிக்கும்.

காகிதம் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. திருச்சியில் எந்தப் பட்டறையும் செய்ய முடியாத பாகம் அதுதான். ஆர்.சி. பெரியவர் பெயரில் இருக்கும். அவர் காலமாகிப் பல வருடம். பிள்ளைகள் சென்னையில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், அமெரிக்காவில் ஒருவர். வாரிசுச் சான்று, மற்றவர்களின் சம்மதம், படிவம் 31இல் வாரிசுக்கு மாற்றம், அதற்கப்புறம்தான் உங்கள் பெயர். ஆர்.சி.யைப் புரட்டினால் ஐம்பது வருடத்துக்கு முன் கடன் கொடுத்த ஃபைனான்ஸ் கம்பெனியின் எச்.பி. குறிப்பு நீக்காமல் இருக்கும். கடன் கட்டியாயிற்று, கம்பெனிதான் இப்போது இல்லை. இதையெல்லாம் தீர்ப்பது விற்கிறவரின் வேலை என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஆர்.சி.யே இல்லாத வண்டியை நான் உதிரிகளின் விலைக்கு மேல் மதிப்பதில்லை, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. ஐம்பது வயதைத் தாண்டியிருக்க வேண்டும். சேஸ், உடம்பு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ. 20,000, பத்தாண்டு செல்லும், எண்ணில் 'விஏ' என்று வரும். ஹெரால்டுகள் எல்லாம் ஐம்பதைத் தாண்டிவிட்டன என்பதால் பலரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள். கொஞ்சம் நிதானியுங்கள். அந்தப் பதிவில் வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆராய்ச்சிக்கும் பராமரிப்புக்கும் பெட்ரோல் போடவும்தான் எடுக்கலாம். தினசரி ஓட்டவோ, கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் வாடகைக்கு விடவோ கூடாது. சாதாரண ஆர்.சி. உயிரோடு இருக்கும் வண்டிக்கு இதனாலேயே மதிப்புக் கூடுதல். இருபத்தைந்தடி வட்டத்துக்குள் திரும்புகிற வண்டியை வாங்கிவிட்டு அம்மா மண்டபம் வரை ஓட்டக் கூடாது என்றால் என்ன வாழ்க்கை!

இனி பணம். பேச்சுக்காக எண்களை வைத்துக்கொள்கிறேன், யாரும் விலைப்பட்டியலாக எழுதிக்கொள்ள வேண்டாம். முடித்த வண்டி ஏழு லட்சம் போகும் என்று வைப்போம். டிங்கரிங், பெயிண்டுக்கு மூன்று லட்சம். இன்ஜின், கியர், பிரேக்குக்கு ஒன்று. சீட், வயரிங், டயருக்கு ஒன்றேகால். குரோம் முலாமுக்கும் உதிரிகளுக்கும் ஒன்று. தூக்கி வர, காகிதம் முடிக்க, அங்கங்கே கொடுக்க இருபத்தைந்தாயிரம். ஆக ஆறரை. மிச்சம் ஐம்பதாயிரம். ஆனால் எந்தச் சீரமைப்பும் போட்ட கணக்கில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு எதிர்பாராச் செலவு என்றால் ஒரு லட்சத்து முப்பதாயிரம். அதாவது வண்டியைச் சும்மா கொடுத்தாலும் உங்களுக்கு எண்பதாயிரம் நஷ்டம்.

இதைக் கேட்டு எழுந்து போக வேண்டாம். கணக்கு சொல்வது இவ்வளவுதான்: இது முதலீடு இல்லை, செலவு. அதை ஒப்புக்கொண்டவனுக்கு விலை மதிப்பது எளிது. புரோக்கர் சொல்லும் சென்னை விலையிலிருந்து கழித்துக்கொண்டு கீழே இறங்காதீர்கள். காயலான் கடை விலையிலிருந்து மேலே ஏறுங்கள். அதற்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் எதற்கு என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். இரண்டு பின்கதவும் நல்லபடியாக இருப்பதற்கு இவ்வளவு, முழு மீட்டர் பெட்டிக்கு இவ்வளவு, உயிருள்ள ஆர்.சி.க்கு இவ்வளவு, பெரியவர் எழுதிவைத்த சர்வீஸ் நோட்டுக்கும் டெலிவரி எடுத்த அன்று எடுத்த புகைப்படத்துக்கும் இவ்வளவு. "இன்ஜின் எப்போதோ புதுப்பித்தது" என்பதற்குக் காசு கிடையாது. "புது பெயிண்ட் அடித்திருக்கிறோம்" என்றால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்; அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போய்விட்டதே.

பெயிண்ட் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எல்லா வண்டியையும் புதிதாக்க வேண்டுமா? பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 2013இல் டூரின் சாசனம் என்று ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டடங்களுக்கான 1964 வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதியது அது. இருப்பதைக் காப்பது முதல் வேலை, புதுப்பிப்பது வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் என்பது அதன் போக்கு. நம் கண்முன்னே உதாரணம் உண்டு. ரங்கநாதர் கோயிலில் 2015 குடமுழுக்கை ஒட்டி நடந்த பணியில் பிற்காலத்தில் ஏறிய கட்டுமானங்களையும் மூடியிருந்த மண்ணையும் அகற்றிப் பழைய அமைப்பை வெளிக்கொண்டு வந்தார்கள். 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் பாரம்பரிய விருது அதற்குக் கிடைத்தது. ஷெட்டு ஹெரால்டின் ஆலை பெயிண்ட் மங்கிப்போய், ஆனால் முழுசாக இருந்தால், அதை உரிக்காதீர்கள். புழுதியைத் துடைத்து, துருவை நிறுத்தி, பிரேக்கையும் டயரையும் டிரன்னியனையும் சரிசெய்து ஓட்டுங்கள். மேலே போட்ட கணக்கில் மூன்று லட்சம் அப்படியே நிற்கும், நஷ்டம் லாபமாகிவிடும். நம் ஆட்கள் இதைக் கேட்க மாட்டார்கள் என்று தெரியும். கல்யாண மண்டப வாசலில் மின்ன வேண்டும் என்ற ஆசை பெரிது.

மாமியிடம் வருகிறேன். அவரிடம் வண்டியின் குறையை அடுக்கி விலையைக் குறைப்பது கெட்ட பேரம். அவர் கணவர் அதை எங்கே வாங்கினார், எந்த ஊருக்கெல்லாம் போனார்கள், ஏன் நிறுத்தினார் என்று கேளுங்கள். மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. நிறுத்திய காரணம் வண்டியின் நோயைச் சொல்லும், ஊர்ப் பயணம் சொல்லும்போது பழைய ஆல்பம் வெளியே வரும், ஆல்பத்தில் வண்டியின் முதல் நிறம் இருக்கும். பேச்சு முடிவதற்குள் பரண் மூட்டையும் இறங்கிவிடும்.

எண்ணிப் பார்த்து, வாங்க வேண்டாம் என்றே முடிவு செய்தீர்கள், ஆர்.சி.யும் இல்லை, சேஸும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் சும்மா திரும்பாதீர்கள். இரும்பு விலைக்குச் சற்று மேலே கொடுத்து உதிரிக்காகவாவது எடுங்கள். தனியாக முடியாவிட்டால் நாலு ஹெரால்டுக்காரர்கள் சேர்ந்து எடுங்கள். கதவுகள், கண்ணாடிகள், கிரில், மீட்டர், பெயர்ப் பட்டை ஆகியவற்றைக் கழற்றி, எந்த வருட வண்டியினுடையது என்று எழுதிக் கட்டிவைத்துவிட்டு, மிச்சத்தைக் காயலான் கடைக்கு அனுப்புங்கள். தஞ்சாவூரிலோ கரூரிலோ ஒருவர் இடதுபக்கப் பின்கதவுக்காக அலைந்துகொண்டிருப்பார். அவர் வரும்போது நியாயமான விலை சொல்லுங்கள்.